மூன்றாம் நாளின் இரத்தத் துளி



ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் வந்து கூடுகின்ற மக்கள் வெள்ளத்தினிடையே கைக்குழந்தையோடு வருகின்ற தாய்மாரைச் சற்றே நின்று கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். கோமதியம்மன் சந்நிதியிலே கும்பிட்டெழுந்து, புற்றுமண்ணைச் சிறிது எடுத்து, தம் நெற்றியில் இட்டுக்கொள்ளுமுன் குழந்தையின் நெற்றியில் இடுவதே அவர்களுடைய முதற்காரியம். அந்தச் சிறு செய்கையில் எத்தனை அச்சமும் எத்தனை பிரார்த்தனையும் அடங்கியிருக்கின்றன என்பதை, இந்தப் பக்கத்துச் சிசுக்களுக்கே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு வைத்தியம் செய்தவன் என்ற முறையில் நான் ஓரளவு அறிவேன்.

நாம் இன்று இங்கே கூடியிருப்பதற்குக் காரணமான அறக்கட்டளை, ஒரு விடியற்காலையில் தங்கள் வீட்டுத் தூளியில் நேர்ந்த இழப்பின் ஞாபகமாக ஒரு குடும்பத்தார் நிறுவியது. இரவு பால் குடித்துச் சிரித்துத் தூங்கிய மூன்று மாதக் குழந்தை காலையில் எழவில்லை. ஊரார் ஒருவர் மாந்தம் என்றார். ஒருவர் பட்சிதோஷம் என்றார். படுத்துக்கொண்டே பால் கொடுத்தாயா என்று ஒருவர் தாயையே கேட்டார். அந்தத் தாய் கர்ப்பகாலத்தில் தைராய்டு மாத்திரை உட்கொண்டு வந்தவள் என்பது தெரிந்த பின், 'உனக்கிருந்த தைராய்டுதான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பில் உண்மை உண்டா என்று அக்குடும்பத்துப் பெரியவர் என்னைக் கேட்டார். இன்றைய சொற்பொழிவு அவருக்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. தாய் முறையாக மருந்துண்டு வந்த தைராய்டுக் குறைவினால் சிசு திடீரென்று இறந்துபடும் என்பதற்குச் சாஸ்திரத்தில் ஆதாரமே கிடையாது. ஆயினும், அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஒரு வயது நிரம்பாத குழந்தை உறக்கத்தில் இறந்து, முழுமையான பிரேத பரிசோதனை செய்தும், இறந்த இடத்தை நேரில் பார்வையிட்டும், முன்னைய உடல்நிலையை விசாரித்தும் காரணம் புலப்படாதபோது, அம்மரணத்தைத் திடீர்ச் சிசு மரணம் என்று மருத்துவர்கள் குறிக்கின்றனர். 1969-இல் அமெரிக்காவில் கூடிய மாநாட்டிலே இப்பெயர் வரையறுக்கப்பட்டு, 1989-இல் அவ்வரையறை மேலும் இறுக்கமாக்கப்பட்டது. இரண்டு முதல் நான்கு மாதப் பருவத்திலேயே இது மிகுதியாக நேர்கிறது. நம் நாட்டில் கைக்குழந்தையின் உடலை அறுத்துப் பரிசோதிக்க எந்தக் குடும்பமும் எளிதில் உடன்படுவதில்லை. அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறோம். ஆகவே இங்கே அவ்வரையறைக்குள் வருகின்ற மரணங்கள் எத்தனை என்ற கணக்கு உருவாக வழியில்லை. கணக்கில்லாத இடத்தில் கதை புகுந்துகொள்கிறது. கதை புகுந்த இடத்தில் பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது.

கதை புகுவது பாமரர் இடத்தில் மட்டும் என்று எண்ணிவிட வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, 1889-இல், வியன்னா நகரத்துப் பால்டாஃப் என்னும் நோய்க்குறியியல் அறிஞர், திடீரென்று இறந்த குழந்தைகளின் மார்பில் தைமஸ் என்னும் சுரப்பி பருத்திருக்கக் கண்டு, திடீர் மரணத்துக்கு இடமாகும் ஒருவகை உடல்வாகின் அடையாளம் அது என்று கொண்டார். பருத்த சுரப்பியே மூச்சை அடைக்கிறது என்ற வாதமும் அக்காலத்தில் நிலவியது; கேட்பதற்கு நியாயமாகவே தோன்றியது அது. மூச்சுக்குழலின் முன்னே கிடக்கும் சுரப்பி பருத்தால் மூச்சு முட்டும் அல்லவா? ஆனால் அக்காலத்து மருத்துவர்கள் 'இயல்பான அளவு' என்று எதை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால்தான் தவறு விளங்கும். அவர்கள் அறுத்துப் பார்த்த மற்றைக் குழந்தைகளெல்லாம் பசியாலும் நெடுநாள் நோயாலும் மெலிந்து மெலிந்து இறந்த ஏழைக் குழந்தைகள். நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும் என்பதை அவர்கள் அறியவில்லை. சுருங்கிப்போன சுரப்பியை இயல்பென்று வைத்துக்கொண்டு, நன்றாயிருந்து திடீரென்று இறந்த குழந்தையின் ஆரோக்கியமான சுரப்பியை நோயென்று சொல்லிவிட்டார்கள். ஏழைக் குழந்தையின் வற்றிய உடலே மனித சரீரத்தின் அளவுகோலாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது.

அந்தத் தவறு நூலோடு நின்றிருந்தால் கேடில்லை. தைமஸைச் சுருக்கி உயிரைக் காப்பதாக எண்ணி, 1907 முதலாக, நோயொன்றுமில்லாத குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சத் தொடங்கினார்கள். 1931-இல் இங்கிலாந்தில் யங், டர்ன்புல் என்ற இருவர் இக்கொள்கைக்கு ஆதாரமில்லை என்று நிறுவிய பின்னரும் அமெரிக்காவிலே அவ்வழக்கம் ஐம்பதுகள் வரை நீடித்தது. 1950-இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மருத்துவர்கள், தைராய்டுப் புற்று கண்ட 28 இளம்பிராயத்தாரின் சரித்திரத்தை விசாரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிசுப்பருவத்தில் அந்தக் கதிரைப் பெற்றவர்கள் என்று தெரிந்தது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம், அருகிலிருந்த தைராய்டைப் புண்ணாக்கிற்று. திடீர்ச் சிசு மரணத்தின் வரலாற்றில் தைராய்டு முதன்முதலாக நுழைந்தது இவ்வண்ணம், குற்றவாளியாக அன்று, குற்றத்துக்கு இரையாக.

இரண்டாம் முறை அது குற்றவாளியாகவே கூண்டிலேற்றப்பட்டது. தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இரண்டு வடிவில் இயங்குகிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட டி4 என்பதை 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று கெண்டால் தனியே பிரித்தெடுத்தார். மூன்று அணுக்களைக் கொண்ட டி3 என்பதை 1952-இல் கிராஸ், பிட்-ரிவர்ஸ் என்னும் இருவர் கண்டறிந்தனர். முன்னதை இருப்பில் வைத்த தானியம் என்றும், பின்னதைச் சமைத்த சோறு என்றும் கொள்ளலாம். உடலுக்கு உடனடியாகப் பயன்படுவது டி3. அது அளவுக்கு மிஞ்சினால் இதயம் படபடக்கும், தாளம் தவறும். இந்த அறிவோடு 1981-இல் மேரிலாந்தைச் சேர்ந்த சக்கோன், டில்டன் என்ற ஆராய்ச்சியாளர், திடீரென்று இறந்த சிசுக்களின் இரத்தத்தில் டி3 மிகுந்திருக்கக் கண்டு வெளியிட்டபோது, மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையால் ஆபத்திலிருக்கும் குழந்தையை முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை இரண்டே ஆண்டுகளில் உதிர்ந்தது. வேறு காரணங்களால் இறந்தவர்களிடத்தும், உயிர் போன பிறகு இரத்தத்தில் டி3 உயர்வதைப் பிறர் கண்டனர். 1983-இல் டொனால்டு பீட்டர்சனும் அவருடைய சகாக்களும் செய்த காரியம் மிக எளியது. ஆனால் மிக நுண்ணியது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளிடமிருந்து பரிசோதனைக்காக ஒற்றுத்தாளில் எடுக்கும் இரத்தப் பொட்டு பாதுகாத்து வைக்கப்படுவதுண்டு. பின்னால் திடீரென்று இறந்த குழந்தைகளின், பிறந்தபோது எடுத்த அந்தப் பொட்டையும், இறந்தபின் எடுத்த இரத்தத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மிகை, உயிரோடிருந்தபோது எடுத்த இரத்தத்தில் இல்லை; மரணமே அதை உண்டாக்கியிருந்தது. விளக்கு அணைந்த பின் எழும் புகையைக் கண்டு, புகையால்தான் விளக்கு அணைந்தது என்று சொல்லியிருந்தோம்.

தைமஸ் விஷயத்திலும் டி3 விஷயத்திலும் நேர்ந்த பிழை ஒன்றே என்று நான் கருதுகிறேன். இறந்தவர்களை அளந்தோம், உயிரோடிருப்பவர்களை அளந்து வைத்துக்கொள்ளவில்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு மறுமொழியும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தூளியில் இறந்த அக்குழந்தையின் இரத்தத்தை அன்று எடுத்துப் பரிசோதித்திருந்தாலும், தைராய்டைப்பற்றி அது நமக்கு நம்பத்தக்க சாட்சி எதையும் சொல்லியிராது.

அப்படியானால் இம்மரணங்களைக் குறைத்தது எது என்று கேட்பீர்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்நாட்டு மருத்துவர்களே, வாந்தி புரையேறாதிருக்கக் குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள் என்று உபதேசித்தார்கள். அந்த உபதேசத்தோடு மரணமும் ஏறிற்று. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து சூசன் பீல் அம்மையார், இறந்த குழந்தைகளின் வீடு வீடாகச் சென்று விசாரித்து, படுக்கை நிலையைச் சந்தேகித்தவர்களுள் முக்கியமானவர். நெதர்லாந்து 1987-லும், இங்கிலாந்து 1991-இன் இறுதியிலும், அமெரிக்கா 1994-லும் மல்லாந்த படுக்கையை வற்புறுத்தின. சில ஆண்டுகளுக்குள் அந்நாடுகளில் இம்மரணம் பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் தேய்ந்தது. நம் பாட்டிமார் குழந்தையை மல்லாக்கவே கிடத்தினார்கள். அந்த வழக்கத்தை விட வேண்டா. குப்புற விழுவதைக் கொண்டாடும் பருவமும் இந்த ஆபத்தின் பருவமும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால், தூங்கும்போது மட்டும் மல்லாக்க வையுங்கள். தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணை வேண்டா. முகத்தை மூடும் கனத்த துணி வேண்டா. தூளியில் கழுத்து மடிந்து மோவாய் மார்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். குழந்தை கிடக்கும் அறையில் யாரும் பீடி புகைக்க விடாதீர்கள்.

இனி, தைராய்டு உண்மையாகவே ஒரு சிசுவின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன்.

சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ, இருந்தும் அது தொழிற்படாமலோ பிறக்கின்றன. கருவிலிருக்கும்போது தாயின் ஹார்மோன் ஓரளவு கடந்து சென்று குழந்தையைக் காத்துவிடுவதால், பிறந்த அன்று அக்குழந்தையைப் பார்ப்பவர் யாரும் குறை காணமாட்டார். எடை இருக்கும், நிறம் இருக்கும். பிறகு வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மஞ்சள்காமாலை வடியாது, மலம் இறுகும், நாக்கு தடித்து வாயில் நிற்கும், தொப்புள் பிதுங்கும், அழுகுரல் கரகரக்கும். அதைவிட முக்கியமாக, குழந்தை அழாது. இந்தப் பக்கத்துப் பாட்டிமார் வாயால் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்: "பிள்ளை ரொம்பச் சாதுங்கய்யா, பாலுக்குக்கூட அழமாட்டேங்கு." இந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு வயிறு கலங்கும்.

ஆரம்ப நாட்களில் எனக்கும் கலங்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதியர், முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையுமாக மணந்தவர்கள், தங்கள் தலைச்சன் பெண்குழந்தையை மலச்சிக்கலுக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். மருந்து கொடுத்து அனுப்பினேன். மறுபடியும் வந்தார்கள், மறுபடியும் கொடுத்தேன். எட்டாம் மாதத்தில், தலை நிற்காத அக்குழந்தையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் நான் கண்ணிருந்தும் காணாதிருந்தது எனக்குப் புலனாயிற்று. மருந்து தொடங்கியதும் உடல் தேறிற்று, உயரம் வளர்ந்தது, மூளை இழந்ததை மட்டும் மீட்க முடியவில்லை. பிறந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் முழுமையாகக் காக்கக்கூடிய அறிவை, நான் எட்டு மாதம் கைநழுவ விட்டேன்.

அதற்கு வேண்டிய மருந்தோ அரியதொன்றன்று. 1891-இல் நியூகாஸில் நகரத்து ஜார்ஜ் மரே, தைராய்டு வற்றிய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்த, அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதே ஹார்மோன் இன்று தைராக்ஸின் மாத்திரையாக மிக மலிந்த விலைக்குக் கிடைக்கிறது. சிசுவுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையை நுணுக்கித் தாய்ப்பாலில் குழைத்து ஒரு சங்கில் புகட்டினால் முடிந்தது. மருந்து எளிது, யாருக்கு வேண்டும் என்று காலத்தில் அறிவதே அரிது.

அந்த அருமையையும் தீர்த்துவைத்தார் ஒருவர். கனடாவின் கியூபெக் மாகாணத்து ழான் துஸ்ஸோ என்னும் மருத்துவர், 1970-களின் தொடக்கத்தில், ஒற்றுத்தாளில் உலர்ந்த இரத்தப் பொட்டிலிருந்தே தைராய்டு ஹார்மோனை அளக்கலாம் என்று காட்டினார். குழந்தையின் குதிகாலின் ஓரத்தில் சிறு ஊசியால் குத்தித் துளிர்க்கும் இரத்தத்தைத் தாளில் ஒற்றி, உலர்த்தி, தபாலில் அனுப்பிவிடலாம். பிறந்த அரைமணிக்குள் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். என்னும் ஹார்மோன் எல்லாக் குழந்தைகளுக்கும் பொங்கியெழுந்து பிறகு அடங்குவதால், இரண்டு நாள் கழித்து, மூன்றாம் நாளில் எடுப்பதே உத்தமம். பிரசவித்த தாயை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் அவசரம் இதற்குக் குறுக்கே நிற்கிறது என்பதைப் பிரசவ விடுதி நடத்துவோர் கவனிக்க வேண்டுகிறேன்.

உலகில் மூவாயிரம் நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையோடு பிறக்கிறது என்று நெடுங்காலம் நூல்கள் சொல்லி வந்தன. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிசோதித்தபோது, 1130 குழந்தைகளுக்கு ஒன்று என்று தெரிந்தது. தென்னகத்திலோ ஏறத்தாழ 700-க்கு ஒன்று. ஹார்மோனைச் செய்யும் வழியில் பரம்பரையாக வரும் பழுதுகள் உறவுத் திருமணத்தில் கூடுதலாக வெளிப்படுவது இதற்கு ஒரு காரணமாகலாம். கோவாவும் கேரளமும் பிறக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க அரசாங்க அளவிலேயே முயன்றிருக்கின்றன. சிசு மரணத்தை ஆயிரத்துக்கு 13 என்ற அளவுக்கு 2020-லேயே இறக்கிக் காட்டிய நம் தமிழ்நாட்டுக்கு, உயிர் பிழைக்க வைத்த குழந்தையின் அறிவையும் காத்துக்கொடுக்கும் ஆற்றல் நிச்சயமாக உண்டு.

உப்பைப்பற்றி ஒரு வார்த்தை. ஹார்மோனின் அணுக்களிலே அயோடின் இருக்கிறது என்றேன். அது உணவிலிருந்தே வரவேண்டும். 1956 முதல் இமயத்தடியில் காங்ரா பள்ளத்தாக்கிலே டாக்டர் இராமலிங்கசுவாமியும் சகாக்களும், அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்த ஊர்களில் முன்கழுத்துக் கழலை குறைவதை நிரூபித்தார்கள்; 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. பின்னர் டாக்டர் கொச்சுப்பிள்ளை, கங்கைச் சமவெளியின் வடபகுதி மாவட்டங்களில் தொப்புள்கொடி இரத்தத்தைப் பரிசோதித்து, நூற்றுக்குப் பல சிசுக்கள் தைராய்டுக் குறைவோடு பிறப்பதைக் காட்டியபோது, கழலை என்பது வெளியே தெரிந்த சிறு பகுதியே என்பது விளங்கிற்று. தூத்துக்குடி உப்பளங்கள் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதனால், கடல் உப்பில் அயோடின் தானே இருக்கும் என்று பலர் நம்புகிறோம். கடலுப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம்; சேர்த்தால்தான் உண்டு. இந்நாட்டுக்கு மிகுதியாக உப்பளிக்கும் மாநிலங்களுள் ஒன்றாகிய நாம், 2018-19-இல் நடந்த தேசிய அளவீட்டில் போதிய அயோடின் உள்ள உப்பை உண்போர் தொகையில் மிகவும் பின்தங்கியவர்களுள் ஒருவராக நின்றோம். கல்லுப்பு வாங்குவோர் அயோடின் சேர்த்த கல்லுப்பாகப் பார்த்து வாங்கி, திறந்த மரவையில் ஈரம் படிய வைக்காமல் மூடி வைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இது இரட்டிப்பு அவசியம்.

ஆனால் உப்பு எல்லாக் குழந்தைகளையும் காக்காது. சுரப்பியே இல்லாத குழந்தைக்கு உப்பால் ஆவதொன்றுமில்லை. அதற்கு அந்த மூன்றாம் நாளின் துளிதான் வேண்டும். இவ்வறக்கட்டளையின் நிதியிலிருந்து, இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறக்கும் குழந்தைகளின் இரத்தப் பொட்டைத் திருநெல்வேலிக்கு அனுப்பிச் சோதிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளலாமா என்று பெரியவர் என்னிடம் ஆலோசித்தபோது, நான் சிறிது நேரம் பேசமுடியாமல் இருந்தேன். தம் வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பரிசோதனையும் காரணம் சொல்லியிராது என்பதை அறிந்த பின்னரே அவர் அதைக் கேட்டார்.

நான் கைநழுவ விட்ட குழந்தையின் கதையில் இன்னும் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. அந்தத் தாய் ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் கருவுற்றபோது, பிரசவத்துக்கு முன்னமேயே என்னிடம் வந்து சொல்லிவைத்தாள். மூன்றாம் நாள் குதிகாலில் எடுத்த இரத்தம் தங்கைக்கும் அதே குறை என்றது. பத்தாம் நாள் மாத்திரை தொடங்கினோம். தங்கை இப்போது கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். அக்காளால் தனியே கடைக்குப் போய்வர முடியாது. விடியற்காலையில், அடுப்பு பற்றவைக்குமுன், வெறும் வயிற்றில் இருவரும் மருந்துண்ண வேண்டும். தங்கைதான் புட்டியைத் திறக்கிறாள், முதல் மாத்திரையை அக்காளின் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, இரண்டாவதைத் தான் போட்டுக்கொள்கிறாள்.